எட்டாம் வகுப்புத் தேர்வும் தமிழ்ப் பிள்ளைகளும்

மாதம் ஆயிரம் ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரை நான்கு ஆண்டுகளுக்கு 48 ஆயிரம் ரூபாய். எட்டாம் வகுப்பில் படிக்கும் ஏழைப் பிள்ளை பரீட்சைக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு தாள் எழுதி இந்தத் தொகையைப் பெற வழி இருக்கிறது. தேசிய வருவாய்வழி, தகுதிப் படிப்புதவித் திட்டம் என்பது அதன் முழுப் பெயர். பள்ளிக்கூடங்களில் என்.எம்.எம்.எஸ். என்று சொன்னால்தான் புரியும். மத்திய சர்க்கார் இதைத் தொடங்கியது 2008-ம் ஆண்டில். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் உபகாரச் சம்பளங்கள். அவற்றில் கேரளத்தின் பங்கு 3,473. தமிழகத்தின் பங்கு 6,695.

எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுவதைத் தடுப்பதே திட்டத்தின் நோக்கம் என்று சர்க்கார் தன் விதிமுறையிலேயே சொல்லியிருக்கிறது. திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு இந்த நோக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாலைக் கடைத் தெருவில் மூட்டை தூக்குகிறவர், பூக்கட்டி விற்பவர், பாத்திரக் கடைச் சிப்பந்தி, கரமனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஆகியோர் வீட்டில் பையன் எட்டாவது முடித்ததும் என்ன பேச்சு எழுகிறது என்பது ஊரறிந்த விஷயம். சொந்தக்காரர் கடையில் நிறுத்தினால் நாலு காசு வரும், தொழிலும் படியும் என்பார் தகப்பனார். பத்தாவதாவது முடிக்கட்டும் என்பாள் தாய். இந்த இழுபறியில் மாதம் ஆயிரம் ரூபாய் தாயின் பக்கம் நிற்கும். கோடீஸ்வரனுக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. மேற்படி வீடுகளில் அது வாடகையில் ஒரு பகுதி. அல்லது மாதப் பால் கணக்கு, பஸ் கட்டணம், நோட்டுப் புத்தகம் எல்லாம் சேர்ந்த தொகை.

தலைநகரோடு இந்த விஷயம் நின்றுவிடவில்லை. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியார் பகுதிகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும், பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும், கொல்லம் மாவட்டத்தின் ஆரியங்காவு எல்லையிலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி எல்லைக் கோடு போட்டபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் அந்தப் பக்கம் போயின. இவர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். தமிழகத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு என்று ஒன்று உண்டு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் தருகிறார்கள். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு என்று இன்னொன்று. இவை எதிலும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கு இடமில்லை. அது இயற்கை, அந்த சர்க்காரின் பணம் அந்த மாநிலப் பள்ளிகளுக்கு. ஆனால் என்.எம்.எம்.எஸ். அப்படியல்ல. அது மத்திய சர்க்காரின் பணம். எந்த மாநிலப் பள்ளியில் பிள்ளை படிக்கிறதோ அந்த மாநிலப் பங்கில் போட்டியிடலாம். கேரளத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேர்வழியாகத் திறந்திருக்கும் பெரிய கதவு இதுதான். அப்படியிருந்தும் இப்படி ஒரு தேர்வு இருப்பதையே எட்டாம் வகுப்பு பாதி கழிந்த பிறகு கேள்விப்படுகிற பெற்றோர் பலர்.

முதலில் யார் எழுதலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இல்லை. கேந்திரிய வித்யாலயம், நவோதய வித்யாலயம், சைனிக் பள்ளி, அரசு செலவில் தங்கிப் படிக்கும் பள்ளி ஆகியவற்றுக்கும் இல்லை. ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க் வாங்கியிருக்க வேண்டும்; தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது.

இந்தக் கடைசி விதியைப் பெற்றோர் பலர் பழைய நினைவிலேயே வைத்திருக்கிறார்கள். முன்பு உச்சவரம்பு ஒன்றரை லட்சமாக இருந்தது. 2022-ல் திட்டத்தை 2025-26 வரை நீட்டித்து 1,827 கோடி ரூபாய் ஒதுக்கியபோதுதான் அது மூன்றரை லட்சமாயிற்று. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புருஷனும் மனைவியும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 450 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் வீட்டு வருமானம் மாதம் 22,500. ஆண்டுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். பழைய விதிப்படி அந்தக் குடும்பம் வெளியே. கொழுந்து கிள்ளும் கூலிக்காரரை வசதி படைத்தவர் என்று தள்ளி வைத்த விதி அது. இன்று உள்ளே. ஆனால் நாலைந்து வருஷத்துக்கு முன் மூத்த பிள்ளைக்கு விண்ணப்பிக்கப் போய், வருமானம் கூடுதல் என்று திருப்பி அனுப்பப்பட்ட வீட்டில், இளைய பிள்ளைக்காக யாரும் மறுபடியும் வில்லேஜ் ஆபீஸ் படி ஏறுவதில்லை. அவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டியது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு.

அடுத்தது, தகுதி பெறுவது என்ற சொல்லால் விளையும் குழப்பம். தேர்வில் இரண்டு தாள்கள். ஒன்று மனத்திறன் தேர்வு. மற்றது படிப்புத்திறன் தேர்வு. ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், 90 நிமிடம். படிப்புத்திறன் தாளில் சமூக அறிவியலுக்கு 35, அறிவியலுக்கு 35, கணக்குக்கு 20. இரண்டு தாளிலும் 40 சதவீதம் வாங்க வேண்டும் என்பது விதி. தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32 சதவீதம். 180-க்கு 72 வாங்கிவிட்டால் பணம் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அப்படியில்லை. நாற்பது சதவீதம் என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு. வரிசையில் முன்னால் நிற்பவர்களுக்குத்தான், மாநிலத்தின் இடஒதுக்கீட்டு முறைப்படி, 3,473 இடங்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேரளத்தில் நான்காம் வகுப்பில் எல்.எஸ்.எஸ்., ஏழாம் வகுப்பில் யு.எஸ்.எஸ். என்று பழக்கப்பட்டுப்போன இரண்டு உபகாரச் சம்பளத் தேர்வுகள் உண்டு. அவற்றில் குறித்த மார்க்கைத் தொட்டவர் எல்லோரும் வெற்றி பெற்றவர்களே. முன்னதில் 60 சதவீதம், பின்னதில் 70 சதவீதம் என்று கணக்கு. தொகையும் சிறியது, ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. அதுவும் பல ஆண்டு நிலுவையில் கிடந்தது கேரளத்தில் எல்லோரும் அறிந்த கதை. அந்தத் தேர்வுகளின் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு வருகிறவர், பாஸ் மார்க் வாங்கிய பிள்ளைக்குப் பணம் வராதபோது யாரோ சூழ்ச்சி செய்துவிட்டதாக நினைக்கிறார். தமிழன் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்ற பேச்சும் அங்கேதான் பிறக்கிறது. அந்தப் பேச்சில் உண்மையில்லை. 72 மார்க் வாங்கிய மலையாளப் பிள்ளைக்கும் அதே கதிதான்.

மாநிலத்துக்கு மாநிலம் பங்கு பிரித்துப் போட்டி நடத்துவது இந்தியாவில் மட்டும் உள்ள வழக்கமும் அல்ல. அமெரிக்காவில் 1955-ல் ஏற்பட்ட தேசியத் தகுதி உபகாரச் சம்பளத்துக்கு ஹைஸ்கூல் மாணவர்கள் பி.எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வு எழுதுகிறார்கள். அரை இறுதிச் சுற்றுக்கு வேண்டிய மார்க் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு மாதிரி. படிப்புக்குப் பேர்போன மாநிலத்தில் எல்லை உயர்ந்து நிற்கும். கேரளமும் அத்தகைய மாநிலந்தான். இங்கே பள்ளிகள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி கொடுத்துத் தேர்வுக்கு அனுப்புகின்றன. பழைய வினாத்தாள், மாதிரித் தேர்வு, வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் மலையாளத்தில் கிடைக்கின்றன. தமிழ் வழிப் பிள்ளை போட்டியிடுவது இவர்களோடு. வெறுங்கையோடு போனால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே.

இனி வினாத்தாளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது இதுதான்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தமிழில் வினாத்தாள் கொடுக்கிறார்கள். அந்த மட்டில் கல்வி இலாகாவைப் பாராட்ட வேண்டும். ஆனால் தமிழில் அச்சிட்டிருப்பது ஒன்று. தமிழ்ப் பிள்ளைக்குப் புரிவது இன்னொன்று. மனத்திறன் தாளில் வரும் எண் வரிசை, படம் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிப்பது போன்றவற்றுக்கு மொழி ஒரு தடையில்லை. சொல்லையும் எழுத்தையும் வைத்துக் கேட்கும் கேள்விகளின் கதை வேறு. கலைந்து கிடக்கும் எழுத்துகளைச் சேர்த்து ஓர் ஊர்ப் பெயர் ஆக்கு என்று மலையாளத்தில் ஒரு கேள்வி எழுதினால், அதைத் தமிழில் பெயர்ப்பது எப்படி? நாலு சொல்லை அகராதி வரிசையில் அடுக்கு என்றால், மலையாளத்தில் ககரத்துக்கு நான்கு எழுத்து. தமிழில் ஒன்றே ஒன்று. வரிசையே மாறிப்போகும். விடைத்தாளில் குறித்திருக்கும் விடை மலையாள வரிசைக்கு உரியதாயிருந்தால் சரியாக எழுதிய தமிழ்ப் பிள்ளைக்குச் சுழி. இத்தகைய கேள்விகளை மொழிபெயர்க்கக் கூடாது. அதே கடினத்தில் தமிழில் புதிதாக எழுத வேண்டும்.

அறிவியலில் இன்னொரு சங்கடம். மலையாளப் பாடத்தில் விசைக்கு 'பலம்' என்று பெயர். ஆற்றலுக்கு 'ஊர்ஜம்'. நிறைக்குப் 'பிண்டம்'. அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் 'பலம்' என்பதை அப்படியே விட்டுவிட்டால், அதுவும் தமிழ்ச் சொல்தானே என்று யாருக்கும் உறுத்தாது. ஆனால் தமிழ் வழியில் படித்த பிள்ளை பலம் என்றால் உடம்பின் வலு என்றுதான் நினைக்கும். விசை என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும். இரண்டு மொழியும் ஒரு தாய் வயிற்றில் பிறந்ததால் வரும் வம்பு இது.  சராசரி போன்ற சொற்கள் இரு மொழிக்கும் பொது என்பதால் மற்றவையும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை ஆளை ஏமாற்றிவிடுகிறது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடந்தான் கணக்கு. ஒரு சொல்லில் தடுக்கி மூன்று நிமிடம் நின்றுவிட்ட பிள்ளை கடைசி இரண்டு கேள்வியைப் பார்க்காமலே மணி அடித்துவிடும். வரிசையில் ஒரு மார்க்குக்கும் அடுத்த மார்க்குக்கும் நடுவே எத்தனையோ பேர் நிற்கும் தேர்வில் இது சாதாரணமான இழப்பல்ல.

இதற்குப் பரிகாரம் கஷ்டமானதும் அல்ல. தமிழ் வழிப் பிள்ளைகளுக்காகத் தமிழிலேயே பாடப்புத்தகம் அச்சாகிறது. பூஜப்புரையில் வித்யா பவனில் இருக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி. அலுவலகம் அதைத் தயாரிக்கிறது. தேர்வை நடத்தும் பரீட்சா பவனும் அதே பூஜப்புரையில்தான். பாடப்புத்தகத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதே சொல்லைத்தான் வினாத்தாளிலும் போட வேண்டும் என்று ஓர் உத்தரவு. அச்சுக்குப் போகுமுன் தமிழ்த் தாளை மட்டும் தனியாகப் படித்துப் பார்க்க, கேரளத்தில் ஏழாம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற இரண்டு தமிழாசிரியர்கள், இரண்டு அறிவியல், கணக்கு ஆசிரியர்கள். விடைக்குறிப்பு வெளியான பின் தமிழ்த் தாளின் பிழைகளைத் தனியே எடுத்துச் சொல்ல ஒரு வாரம். இவ்வளவு போதும். இதற்குத் தனி பட்ஜெட் வேண்டியதில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு 3,473-ல் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கை வேண்டாதது. ஏற்கெனவே இடஒதுக்கீட்டு வரிசைகள் இருக்கின்றன. தமிழர்களிலும் அந்தந்த வகுப்பார் அதில் வருகிறார்கள். ஒதுக்கீடு கேட்கப் போய் மலையாளப் பெற்றோரின் மனக்கசப்பைச் சம்பாதித்துக்கொள்வதைவிட, மற்றப் பிள்ளைகள் எழுதுகிற அதே கடினமுள்ள, பிழையில்லாத தாள் கொடுங்கள் என்று கேட்பது நியாயமும் ஆகும், சீக்கிரம் கிடைக்கவும் செய்யும். 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தலைநகரிலுள்ள சர்க்காருக்கும் இலாகாத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுத இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. தமிழ்த் தாளில் பிழை கண்ட ஆசிரியர் தமிழிலேயே எழுதிப் போடலாம்.

2017-ல் வந்த மலையாள மொழிக் கற்றல் சட்டப்படி தமிழ்ப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் படிக்கிறார்கள். சாலையில் கடை வைத்திருக்கும் தமிழருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் மலையாளத் தாளையே எழுதிவிட்டுப் போகட்டுமே என்று சொல்வோரும் உண்டு. பேச்சு மலையாளம் வேறு, பௌதிகப் பாட மலையாளம் வேறு. பாடத்தை எந்த மொழியில் படித்ததோ அந்த மொழியில்தான் பிள்ளை யோசிக்கும். விண்ணப்பம் நிரப்பும்போது வினாத்தாள் மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று குறித்திருக்கிறதா என்பதைத் தலைமை ஆசிரியர் தம் கண்ணால் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். வேறு மொழி விழுந்துவிட்டால் பரீட்சைக் கூடத்தில் அழுது பயனில்லை.

இப்படி இரண்டு தாளை வைத்துத் திறமையை அளப்பது சரிதானா என்ற கேள்வி பழையது. கணித மேதை ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைத் தொடாமல், ஆங்கிலத்தில் தேறாமல் அதை இழந்தார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவர் செய்த வேலையைப் பார்த்து மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அதற்கு எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. இன்றைய படிப்புத்திறன் தாளில் 90-க்குக் கணக்கு 20-தான். அவர் இதை எழுதியிருந்தாலும் நாற்பது சதவீதம் வாங்கியிருப்பாரோ என்னவோ. ஆனாலும் ஒரு லட்சம் பிள்ளைகளை ஆண்டுதோறும் பொறுக்க வேண்டுமானால் இதைவிட நேர்மையான வழி கண்ணில் படவில்லை. சிபாரிசுக் கடிதத்தைவிட ஓ.எம்.ஆர். தாள் மேல்.

தேர்வில் ஜெயித்த பிறகும் கண்டம் தீர்வதில்லை. பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடும் பெற்றோர் உண்டு. டிக்கெட் கையில் இருந்தும் வண்டியைத் தவறவிட்ட கதைதான். ஜெயித்த பிள்ளையின் பெயரை தேசிய உபகாரச் சம்பள இணையதளத்தில் குறித்த தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். பள்ளி ஒரு முறையும், மாவட்ட அதிகாரி ஒரு முறையும் சரிபார்த்தால்தான் பணம் நேரே பிள்ளையின் பாங்குக் கணக்குக்கு வரும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். எட்டாவதில் 55 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் தடவையிலேயே தேறிப் போக வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வாங்கினால்தான் மேற்கொண்டு இரண்டு ஆண்டுப் பணம். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இதில் 5 சதவீதம் சலுகை உண்டு. பத்தாவது முடித்து வேறு பள்ளிக்கு மாறும்போது பழைய பள்ளி கைகழுவிவிடும்; புதிய பள்ளிக்கு விஷயமே தெரியாது. அந்த ஓர் ஆண்டு இடைவெளியில் உபகாரச் சம்பளம் நின்றுவிடும்.

இதில் தமிழர்களுக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது: பெயர். பள்ளிப் பதிவேட்டில் எஸ். முருகன். ஆதாரில் முருகன் எஸ். பாங்குப் புத்தகத்தில் முருகன் சுப்பையா. மூன்றும் ஒரே பையன் என்று தகப்பனாருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, கேரளப் பள்ளியில் சேர்க்கும்போது எழுதுகிறவர் மலையாள எழுத்துக்கு ஏற்றபடி ஆங்கிலத்தில் 'கே' போட்டு 'முருகன்' எழுதியிருப்பார். திருநெல்வேலியில் எடுத்த ஆதாரில் 'ஜி' இருக்கும். ஓர் எழுத்து வித்தியாசத்தில் விண்ணப்பம் திரும்பி வரும். வருமானச் சான்றிதழ் கதையும் இதேதான். குடியிருப்பு கரமனையில், ரேஷன் கார்டு நாங்குநேரியில் என்றிருந்தால் எந்த வில்லேஜ் ஆபீசர் கையெழுத்துப் போடுவார்? இரண்டு ஊருக்கும் அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும். இது மூளைக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லாத தோல்வி. 180-க்கு 150 வாங்கும் பிள்ளையும் இதில் விழும்.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திட்டம் தொடங்கியபோது மாதம் 500 ரூபாய். 2017 ஏப்ரலில் ஆயிரம் ஆயிற்று. 2022-ல் வருமான வரம்பை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிய சர்க்கார், தொகையைத் தொடவில்லை. விலைவாசி ஏறியதால்தானே வருமான வரம்பை ஏற்ற வேண்டி வந்தது? அதே விலைவாசி பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் உண்டு. 2025-26-க்குப் பிந்திய காலத்துக்குக் கணக்குப் போடும்போது மாதம் 2 ஆயிரமாக்குவது பெரிய காரியமல்ல. இன்னொரு திட்டத்துக்கு நேர்ந்த கதியும் நினைவில் இருக்க வேண்டும். தேசியத் திறனறித் தேர்வு 1963-ல் அறிவியலுக்கென்று தொடங்கியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மிகச் சிறந்தவர்களைப் பொறுக்கி, பட்டப்படிப்பு, மேற்படிப்பு வரை உதவியது. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் நடந்தது. பின்னர் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கும் இடம் கிடைத்தது. அதற்கு 2021 மார்ச் 31 வரைதான் அனுமதி இருந்தது. மேற்கொண்டு அனுமதி இல்லாததால் நிறுத்தி வைத்திருப்பதாக 2022 அக்டோபரில் அறிவித்துவிட்டார்கள். அறுபது ஆண்டு ஆகப்போன திட்டம் ஒரு சுற்றறிக்கையில் நின்றது. கேரளத்திலிருந்து போயிருக்கும் பார்லிமெண்ட் உறுப்பினர்கள் இரண்டையும் சேர்த்தே சபையில் எழுப்ப வேண்டும்.

டெல்லி செய்வதை டெல்லி செய்யட்டும். இங்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கோயில் கமிட்டிகளும் ஜாதிச் சமாஜங்களும் வியாபாரிகள் சங்கமும் இருக்கின்றன. பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்த மண்டபம் பிடிக்கிறார்கள், நல்லதுதான். அதே மண்டபத்தில் ஜூன் முதல் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்தால் என்ன? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தமிழகத்தில் இதே தேர்வு ஆண்டுதோறும் தமிழில் நடக்கிறது. அந்த மனத்திறன் தாள்கள் கேரளப் பிள்ளைகளுக்கும் அப்படியே பயிற்சிக்கு உதவும். படிப்புத்திறன் தாளை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே தமிழகப் பாடப்புத்தகம். இங்கே கேரளப் பாடப்புத்தகம். பாண்டியனைப் படித்துவிட்டு வந்த பிள்ளையிடம் மார்த்தாண்டவர்மாவைக் கேட்டால் விழிக்கும். அதற்குப் பள்ளி ஆசிரியர்கள்தான் கேள்வி தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் தயாரித்ததை சாலையிலிருந்து மூணாறுக்கும் சித்தூருக்கும் அனுப்ப இன்று ஒரு காசு செலவில்லை. கையில் இருக்கும் போன் போதும்.

ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒரு நோட்டுப் போட வேண்டும். பிள்ளையின் பெயர், பள்ளிப் பதிவேட்டில் உள்ள எழுத்து, ஆதாரில் உள்ள எழுத்து, பாங்குக் கணக்கில் உள்ள எழுத்து, ரேஷன் கார்டு எந்த ஊரில், வருமானச் சான்றிதழ் வாங்கிய தேதி. ஜூன் மாதமே இதை எழுதிவிட்டால், ஓண விடுமுறைக்குப் பள்ளி மூடுமுன் வித்தியாசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு அக்ஷயா மையத்துக்கு அனுப்பலாம். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு அங்கே நிற்கும் கூட்டத்தில் யார் காதிலும் எதுவும் விழாது.